அரசியல் வெறுப்பின் இரு முகங்கள்: மொடக்குறிச்சியும் பாப்பாபட்டியும்

'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்பது தமிழ்நாட்டில் தேர்தல் காலத்தில் மிகுதியாகக் காதில் விழும் வாக்கியங்களில் ஒன்று. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் ரேஷன் கடை வரிசையிலும் அது சொல்லப்படுகிறது. பத்திரிகைகள் இதை 'மக்களின் அரசியல் வெறுப்பு' என்று பெயரிட்டு அழைக்கின்றன. வாக்குப்பதிவு குறைந்தால் அதற்கும், நோட்டா வாக்குகள் கூடினால் அதற்கும், தேர்தல் புறக்கணிப்புக்கும், வாக்குக்குப் பணம் வாங்குவதற்கும் இந்த ஒரே காரணம் காட்டப்படுகிறது.

இந்தப் பெயரிடலில் ஒரு பிழை உள்ளது. குரல் கேட்கப்படாதவனின் சலிப்பும், தனக்கு மட்டும் இருந்த குரல் இன்னொருவனுக்கும் கிடைப்பதைப் பொறுக்காதவனின் கோபமும் ஒன்றல்ல. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு பேரும் 'அரசியலே வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதலாமவன் அரசியல் தன் வாசலுக்கு வரவில்லை என்கிறான். இரண்டாமவன் அது அடுத்தவன் வாசலுக்குப் போய்விட்டது என்கிறான். 1996-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த இரண்டு தேர்தல்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒன்றில் ஒரே தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேட்பாளர்களாக நின்றார்கள். மற்றொன்றில் வேட்பாளராக நிற்கவே ஆள் இல்லாத ஊர்கள் இருந்தன.

மொடக்குறிச்சி: 1,033 வேட்பாளர்கள்

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு வட்டாரத்திலுள்ள மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் விவசாயிகள். வெற்றி பெறுவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. பல ஆண்டுகளாக மனுக்கள் கொடுத்தும் போராட்டங்கள் நடத்தியும் தீராத தங்கள் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவர, வேட்புமனுவையே ஒரு கோரிக்கை மனுவாக மாற்றினார்கள்.

இதன் விளைவுகள் உடனே தெரிந்தன. அத்தனை பெயர்களையும் ஒரு தாளில் அச்சிட முடியாததால் வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாக அச்சாயிற்று. அத்தனை வேட்பாளர்களுக்கும் சின்னம் தேட வேண்டியிருந்தது. தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. இறுதியில் திமுக வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதாவது அவர்கள் தங்களுக்கே வாக்களித்துக்கொள்ளவில்லை. மனு கொடுத்ததோடு அவர்கள் சொல்ல வந்தது முடிந்துவிட்டது. வாக்கை அவர்கள் வேறொருவருக்கு அளித்திருக்கலாம், அளிக்காமலும் இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு நடந்த மக்களவைத் தேர்தலில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா தொகுதியில் 480 பேர் போட்டியிட்டார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, எலும்பும் பல்லும் பாதிக்கப்பட்டுப் பல தலைமுறைகள் முடங்கிப்போன பகுதி அது. 'குடிக்க நல்ல தண்ணீர் கொடுங்கள்' என்பதே அந்த வேட்பாளர்களின் ஒரே தேர்தல் அறிக்கை. இங்கும் வாக்குச்சீட்டு புத்தகமாகத்தான் அச்சிடப்பட்டது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் 'அரசியல் வெறுப்பு' என்று அழைப்பது பொருந்தாது. இவர்கள் தேர்தலை விட்டு விலகவில்லை. விதிகளை மீறவுமில்லை. கட்டவேண்டிய வைப்புத்தொகையைக் கட்டி, நிரப்பவேண்டிய படிவத்தை நிரப்பி, சட்டம் தந்த ஒரு வாசலில் அனைவரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். மற்ற வாசல்கள் அடைபட்டிருந்ததுதான் அதற்குக் காரணம். அரசியலின்மேல் நம்பிக்கை முற்றிலும் போனவன் வைப்புத்தொகை கட்ட மாட்டான்.

கோரிக்கைக்குக் கிடைத்த பதில்

1996-ஆம் ஆண்டிலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த வைப்புத்தொகை 5,000 ரூபாயாக உயர்ந்தது. மக்களவைத் தேர்தலுக்கு 500 ரூபாயாக இருந்தது 10,000 ரூபாயானது. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும் என்றிருக்க, சுயேச்சைகளையும் பிறரையும் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. பின்னாளில் வைப்புத்தொகை மேலும் உயர்ந்து, இன்று சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாயும் மக்களவைக்கு 25,000 ரூபாயுமாக உள்ளது.

நிர்வாக நோக்கில் இத்திருத்தத்துக்கு நியாயம் உண்டு. ஆயிரம் பெயர் கொண்ட வாக்குச்சீட்டில் எழுத்தறிவில்லாத வாக்காளர் தன் சின்னத்தைத் தேடுவது கடினம். பொழுதுபோக்குக்காக மனுப் போடுவோரையும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. எனினும் இத்திருத்தம் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஏன் இத்தனை பேர் மனுப் போட்டார்கள்?' என்ற கேள்வி, 'இத்தனை பேர் மனுப் போடாமல் எப்படித் தடுப்பது?' என்ற கேள்வியாக மாறிவிட்டது. வைப்புத்தொகை இருபது மடங்கு ஏறியபோது ஒரு குறையைச் சொல்வதற்கான விலையும் இருபது மடங்கு ஏறியது. குறை இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த முறை பிற இடங்களிலும் தொடர்வதைக் காணலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டபின், ஏகனாபுரம் கிராமசபை அதை எதிர்த்துத் தொடர்ந்து தீர்மானங்கள் நிறைவேற்றியது. கிராமசபை என்பது அரசியலமைப்புச் சட்டமே அங்கீகரித்த மன்றம். ஊரின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். சட்டம் சொன்ன இடத்தில், சட்டம் சொன்ன முறையில் பேசியும் பயன் கிட்டாத நிலையில்தான் அவ்வூர் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஒரு ஊர் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை என்ற செய்தியை மட்டும் படிப்பவர், அதற்கு முன்னால் அவ்வூர் எத்தனை முறை கூடிப் பேசியது என்பதை அறிவதில்லை.

பாப்பாபட்டி: வேட்பாளர் இல்லாத தேர்தல்

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இட ஒதுக்கீடு செய்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. புதிய சட்டத்தின்கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடைபெற்றது. மொடக்குறிச்சியில் ஆயிரம் பேர் நின்ற அதே ஆண்டு அது.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஊராட்சியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அடுத்த பத்து ஆண்டுகள் இந்த நான்கு ஊர்களிலும் முறையான தலைவர் ஒருவர் பதவியில் நிலைக்கவில்லை. சில முறை ஒரு வேட்புமனுகூட வரவில்லை. சில முறை ஊரின் ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி, வெற்றி பெறச் செய்து, பதவியேற்ற கையோடு பதவி விலகவும் செய்தார்கள். தேர்தல் அறிவிப்பு, மனுத் தாக்கல், வாக்குப்பதிவு, முடிவு என்று காகிதத்தில் எல்லாம் நடந்தன. தலைவரின் நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

இதற்கு அவ்வூர்களின் ஆதிக்கத் தரப்பு சொன்ன காரணங்களும் அரசியல் வெறுப்பின் மொழியிலேயே அமைந்தன. 'அரசாங்கம் மேலிருந்து திணிக்கிறது', 'ஊர் ஒற்றுமை கெடுகிறது', 'எங்கள் ஊருக்கு இந்தத் தேர்தலே வேண்டாம்' என்பன அவை. கேட்பதற்கு இவை ஏகனாபுரத்துப் புறக்கணிப்பைப் போலவே ஒலிக்கும். ஊர் கூடி முடிவெடுத்தது, தேர்தலைப் புறக்கணித்தது, அரசை எதிர்த்தது என்ற மூன்றும் இங்கும் உண்டு.

வேறுபாடு 'ஊர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஏகனாபுரத்தில் ஊர் என்றால் நிலத்தை இழக்கப்போகிறவர்கள். பாப்பாபட்டியில் ஊர் என்ற சொல்லுக்குள் சேரி அடங்கவில்லை. ஊர் முடிவெடுத்தது என்றால், சேரியைக் கேட்காமல், சேரிக்கு எதிராக முடிவெடுத்தது என்றே பொருள். ஊராட்சித் தலைவர் என்பது வெறும் பட்டமல்ல. கண்மாய், பொதுநிலம், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வேலைத் திட்டங்கள், காசோலையில் கையெழுத்து ஆகியவற்றில் அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கையெழுத்து யாருடையதாக இருக்கும் என்பதே அங்கே பிரச்சினையாக இருந்தது.

மறுத்தவர்களுக்கு நேர்ந்தது

மனுப் போட ஆள் வரவில்லை என்பதைத் தலித் மக்களின் ஆர்வமின்மையாகக் காட்டும் வாதமும் எழுந்தது. அதற்கு மேலவளவு விடை சொல்கிறது. மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சியும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கும் வன்முறைக்கும் இடையில், தள்ளிப்போன தேர்தலில் போட்டியிட்டு முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஓடும் பேருந்தை நிறுத்தி அவரும் உடனிருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

வழக்கில் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்பதைவிட, அந்த விடுதலை மேலவளவுச் சேரியில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதே இங்கே கேள்வி. 'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்று அங்கே ஒருவர் சொன்னால், அதை அக்கறையின்மை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

பாப்பாபட்டியில் மனுப் போடாதவர்கள், மேலவளவில் மனுப் போட்டவருக்கு என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள். அவர்களின் மௌனத்தை மொடக்குறிச்சியின் ஆரவாரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மொடக்குறிச்சியின் விவசாயி மனுப் போட்டால் இழப்பது 250 ரூபாய். பாப்பாபட்டியின் கூலித்தொழிலாளி மனுப் போட்டால் மறுநாள் வேலை, மளிகைக் கடன், நடக்கும் பாதை, உயிர் என எதை வேண்டுமானாலும் இழக்கலாம். ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தில், ஒரே வயது வந்தோர் வாக்குரிமையின்கீழ் இந்த இரண்டு விலைகளும் இருந்தன. ஏற்றத்தாழ்வு என்ற சொல்லுக்குப் புள்ளிவிவரங்களைவிட இந்த ஒப்பீடு தெளிவான பொருள் தருகிறது.

நோட்டாவின் இரட்டைப் பொருள்

இரண்டு வகை வெறுப்பும் ஒரே பொத்தானில் கலந்துவிடும் இடம் நோட்டா. அதற்கு முன்பு, எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ பிரிவின்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் அதைச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதில் ரகசியம் இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே 'மேற்கண்ட யாரும் இல்லை' என்ற பொத்தான் வந்தது.

நோட்டாவுக்கு மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் சட்ட விளைவு எதுவும் இல்லை. எத்தனை பேர் அதை அழுத்தினாலும், வேட்பாளர்களில் மிகுதியான வாக்கு பெற்றவரே வென்றவர். 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகியபின், நோட்டா 2,18,674 வாக்குகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது. இவ்வளவு பேர் மறுப்பைப் பதிவு செய்தும் முடிவில் மாற்றம் ஏதும் இல்லை. அந்த மறுப்பு எண்ணிக்கையில் மட்டுமே நின்றது.

2019-இல் நாட்டிலேயே மிகுதியாக நோட்டா பதிவான மக்களவைத் தொகுதி பிகாரின் கோபால்கஞ்ச்; 51,660 வாக்குகள். அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. பொதுவாகவே தனித்தொகுதிகளில், அதிலும் பழங்குடித் தொகுதிகளில், நோட்டா கூடுதலாக விழுவது தேர்தல்தோறும் கவனிக்கப்பட்டுள்ளது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. எந்தக் கட்சியும் எதுவும் செய்யாத பின்தங்கிய பகுதிகளின் மறுப்பு என்பது ஒன்று. ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எவருக்கும் வாக்களிக்க மனமில்லாத பிறரின் மறுப்பு என்பது மற்றொன்று. இரண்டும் எந்த அளவில் கலந்துள்ளன என்பதை இயந்திரம் சொல்லாது. காட்டில் ரேஷன் கடையில்லாத பழங்குடிப் பெண்ணும், ஒதுக்கீட்டின்மேல் கோபம் கொண்ட மேல்சாதி வாக்காளரும் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். நோட்டா எண்ணிக்கை கூடுவதை 'மக்கள் விழிப்புணர்வு' என்று மொத்தமாகப் பாராட்டுவோர் இந்தக் கலப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாக்குக்குப் பணம்

தமிழ்நாட்டில் அரசியல் வெறுப்பைப் பேசும்போது வாக்குக்குப் பணம் என்பது தவிர்க்க முடியாத தலைப்பு. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் நாடு முழுவதும் பரவியது. பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்து செய்யப்பட்டன.

இதில் வழக்கமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் பணம் வாங்கிய ஏழை வாக்காளர். 'ஐநூறு ரூபாய்க்கு ஐந்து ஆண்டை விற்றுவிட்டான்' என்ற வசனம் மேடைகளில் கைதட்டல் பெறுகிறது. ஆனால் வாக்கு ரகசியமானது. வாங்கியவர் கொடுத்தவருக்கே போட்டார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பணம் வாங்குவோர் தரப்பு நியாயம் வேறு. ஆட்சியில் இருப்பவர் சேர்த்த பணத்தில் தனக்குரிய பங்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாசலுக்கு வருகிறது. அடுத்து அவர் எப்போது வருவார் என்று தெரியாது. எனவே வரும்போது வாங்கிக்கொள்வது என்பதே அந்த நியாயம். இது பேராசை என்பதைவிட ஒரு கணக்கு எனலாம். எதிர்காலத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கை போன இடத்தில்தான் கையிலுள்ள காசுக்கு மதிப்பு கூடும்.

இந்த நியாயத்தைப் புரிந்துகொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. பணம் கைமாறிய உடனே வாக்காளருக்கும் பிரதிநிதிக்கும் இடையிலான கணக்கு தீர்ந்துவிடுகிறது. பின்பு குடிநீர் கேட்டுப் போனால் 'அதுதான் வாங்கிக்கொண்டீர்களே' என்று சொல்லாமல் சொல்லும் பார்வையை எதிர்கொள்ள வேண்டும். பணம் கொடுக்கும் திறனுள்ளவர் மட்டுமே வேட்பாளராக முடியும் என்ற நிலை வந்தபின், மொடக்குறிச்சி விவசாயியும் மேலவளவுக் கூலித்தொழிலாளியும் ஒருசேர வெளியே நிறுத்தப்படுகிறார்கள். சட்டம் வைத்த வைப்புத்தொகை 10,000 ரூபாய். தேர்தல் நடைமுறை வைத்திருக்கும் வைப்புத்தொகைக்கு அளவே இல்லை.

ஒதுங்கி நிற்க முடிந்தவர்கள்

உண்மையிலேயே வாக்களிக்காமல் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் மிகுதியான வாக்குப்பதிவு தருமபுரியில். சுமார் 81 விழுக்காடு. மிகக் குறைவானது மத்திய சென்னையில். சுமார் 54 விழுக்காடு. நகர வாக்காளர் பட்டியலில் இடம்பெயர்ந்தோர் பெயர்களும் இரட்டைப் பதிவுகளும் இருப்பது இந்த இடைவெளியில் ஒரு பகுதியை விளக்கும். முழுவதையும் விளக்காது. இந்தியாவில் ஏழைகளும் கிராமத்தாரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் வசதி படைத்தோருக்கு இணையாகவும், பல நேரம் கூடுதலாகவும் வாக்களிக்கிறார்கள் என்பதை 1990-களின் தேர்தல் ஆய்வுகளே காட்டின. யோகேந்திர யாதவ் இதை இரண்டாம் ஜனநாயக எழுச்சி என்று குறிப்பிட்டார்.

இதற்குக் காரணம் எளிது. ஆழ்துளைக் கிணறும் தனியார் பள்ளியும் மருத்துவக் காப்பீடும் உள்ளவருக்கு அரசு இல்லாமலும் நாள் ஓடும். ரேஷன் அரிசியும் அரசு மருத்துவமனையும் நூறு நாள் வேலையும் இல்லாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டுக்கு அரசியல் மேல் வெறுப்புக் காட்டும் வசதி கிடையாது. அவர்கள் திட்டிக்கொண்டே வரிசையில் நிற்கிறார்கள். 'எல்லாக் கட்சியும் ஒன்று' என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த முரண்பாட்டை அறியாமை என்று நகைப்பது எளிது. தேர்தலுக்கு முந்தைய நாட்களில் மட்டுமாவது அதிகாரி தங்கள் தெருவுக்கு வருகிறார் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சிறு இடைவெளியை விட்டுவிட அவர்கள் தயாராக இல்லை.

அம்பேத்கர் சுட்டிய முரண்

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் அம்பேத்கர் இந்த நிலையை முன்கூட்டியே விவரித்தார். குடியரசாகும் நாளில் நாடு ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறது. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு என்ற சமத்துவம் இருக்கும், சமூக, பொருளாதார வாழ்வில் அந்த மதிப்பு மறுக்கப்படும் என்றார். இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால், ஏற்றத்தாழ்வால் துன்புறுவோர் அரசியல் ஜனநாயகத்தின் கட்டமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்றும் எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கையின் ஒரு பகுதி வேறு விதமாக நடந்துள்ளது. பாப்பாபட்டியிலும் மேலவளவிலும் ஜனநாயகத்தைத் தகர்க்க முயன்றவர்கள் ஏற்றத்தாழ்வால் துன்புற்றவர்கள் அல்லர், அதனால் பயனடைந்தவர்கள். துன்புற்றவர்களோ அந்தக் கட்டமைப்பின் விதிகளைப் பிடித்துக்கொண்டு தங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கப் போராடினார்கள். முரண்பாடு தொடர்ந்தால் கட்டமைப்பு ஆபத்துக்குள்ளாகும் என்ற கணிப்பு சரியாகவே இருந்தது. ஆபத்து மேலிருந்தும் வந்தது.

மொடக்குறிச்சி பற்றியும் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். அங்கே மனுப் போட்டவர்களின் குறை நிலமுடையவர்களின் குறை. அதே வயலில் கூலி வேலை செய்பவரின் குறைந்தபட்ச ஊதியமோ, மயானப் பாதையோ, இரட்டைக் குவளையோ அத்தகைய இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முன்வரிசைக்கு வருவது அரிது. அரசிடம் குரல் இல்லாதவராக இருக்கும் ஒருவரே தன் வரப்புக்குள் இன்னொருவரின் குரலைக் கேட்காதவராகவும் இருக்க முடியும். சாதாரண மக்கள் என்ற ஒற்றைச் சொல் இந்த அடுக்குகளை மறைத்துவிடுகிறது.

2006-இல் நடந்தது

பத்து ஆண்டுகள் முடியாது என்று சொல்லப்பட்டது 2006 அக்டோபரில் நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலித் தலைவர்கள் பொறுப்பேற்றனர். அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் 'சமத்துவப் பெருவிழா' நடத்தி அரசு பாராட்டியது. இடைப்பட்ட காலத்தில் அரசியலமைப்புச் சட்டம் மாறவில்லை, ஊராட்சிச் சட்டம் மாறவில்லை, ஊர்களும் மாறவில்லை. மாறியது, இதை நடத்தியே தீர வேண்டும் என்ற அரசின் முடிவும், ஊர் ஊராக உட்கார்ந்து பேசிய மாவட்ட நிர்வாகத்தின் உழைப்பும், பத்து ஆண்டுகள் விடாமல் அழுத்தம் தந்த தலித் இயக்கங்கள், இடதுசாரி இயக்கங்கள் ஆகியவற்றின் பணியும்தான். முந்தைய பத்து ஆண்டுகளில் இரண்டு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆட்சியில் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

இந்த வெற்றிக்கு வரம்பும் உண்டு. நாற்காலி கிடைத்த இடமெல்லாம் அதில் உட்கார முடிந்துவிடவில்லை. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் சுதந்திர நாளன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மற்றொரு தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு 2022-இல் மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கொடியேற்ற அரசுக் கடிதம் தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்கிறது.

மதிப்பீடு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, அரசியல் வெறுப்பு என்று மொத்தமாகச் சொல்லப்படுவதன் பெரும்பகுதி, பதில் கிடைக்காத கோரிக்கையே. மொடக்குறிச்சியும் நல்கொண்டாவும் ஏகனாபுரமும் அரசியலை வெறுக்கவில்லை. அது தங்களோடு பேச வேண்டும் என்று கேட்டன.

இரண்டாவது, அதே மொழியில் பேசும் இன்னொரு வெறுப்பும் உண்டு. அது சமத்துவம் நெருங்கி வரும்போது எழுவது. 'அரசியல்வாதிகள்தான் சாதியை வளர்க்கிறார்கள், ஊரில் நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்' என்ற வாதத்தைக் கேட்கும்போது, அந்த ஒற்றுமையில் யார் நின்றிருந்தார், யார் உட்கார்ந்திருந்தார் என்று கேட்க வேண்டும். கட்சிகள் சாதியைக் கணக்கிட்டு வேட்பாளரை நிறுத்துவது உண்மை. பிளவுகளைத் தூண்டி ஆதாயம் தேடுவதும் உண்மை. ஆனால் பாப்பாபட்டியின் பிளவு தேர்தல் வருவதற்கு முன்பே இருந்தது. தேர்தல் அதை வெளியே கொண்டுவந்தது.

மூன்றாவது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது விமர்சகரின் பயிற்சி மட்டுமல்ல, நடைமுறைத் தேவையும்கூட. பிரிக்காதபோது முதல் வெறுப்புக்குத் தர வேண்டிய பதில் இரண்டாம் வெறுப்புக்குப் போய்விடுகிறது: ஏகனாபுரத்தின் தீர்மானம் கோப்பில் உறங்க, பாப்பாபட்டியின் பிடிவாதம் பத்து ஆண்டுகள் மதிக்கப்படுகிறது. குரல் இல்லாதவருக்குத் தேவை காது. ஆதிக்கம் இழக்கும் கோபத்துக்குத் தேவை உறுதியான சட்டம். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்த காலங்களில்தான் 'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்ற வாக்கியம் உண்மைபோல் ஆகிவிடுகிறது.

எனவே அடுத்த முறை ஒரு ஊர் தேர்தலைப் புறக்கணித்தது என்ற செய்தி வரும்போது, அது ஏன் புறக்கணித்தது என்பதோடு நின்றுவிடாமல், 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள், முடிவெடுத்த கூட்டத்தில் யாருக்கு இடம் இருந்தது, யார் வெளியே நின்றார்கள் என்றும் படிப்பவர் கேட்கலாம். பெரும்பாலும் அந்தச் செய்தியின் மீதிப் பாதி அங்கேதான் இருக்கும்.